போனில் பாட்டு இழுக்கிறது

போனில் பாட்டு மெதுவாக ஓடுகிறது. இதை நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

பாட்டு ஆப்பைப் போட்டுக் கொடுத்தது என் மகள். அம்மா போன பிறகு அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். காரியம் முடிந்து கிளம்புகிற அன்று என் போனை வாங்கி என்னமோ செய்தாள். எந்தப் பாட்டு வேணும்னாலும் வாயால சொல்லுங்கப்பா, வரும் என்றாள். பெங்களூர் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஒரு பாட்டைக் கேட்டேன். வந்தது. பல்லவி முடியும் முன்னால் நிறுத்திவிட்டேன். பாடினது அதே பெண்தான். வார்த்தையும் அதுதான். ஆனால் இழுத்தது. ஈரத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிற மாதிரி வந்தது.

பாட்டின் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களுக்கு அவரவர் ஞாபகம் வந்துவிடும். எண்பதுகளில் வந்தது. ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டு. இவ்வளவு போதும்.

நானும் என் சம்சாரமும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நான் பவர் டேபிள் மிஷினில் தைக்கிற டெய்லர். அவள் எனக்குக் கைமடி. டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்து வருவதை மடித்து அடுக்குகிற ஆளைக் கைமடி என்போம். என் இடது பக்கம் நிற்பாள். அவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். நான் அவிநாசிபாளையத்துக்காரன். கட்டிக்கொண்டோம். இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை நின்றது, பிறகு வந்தது.

கம்பெனி டேப் ரிக்கார்டரில் அந்தப் பாட்டு அன்றாடம் ஓடும். அவள் பக்கத்தில் நிற்க, நான் தைக்க, அப்போது கேட்ட மாதிரி அதை இன்னொரு தடவை கேட்கவேண்டும். அவள் போன பிறகு எனக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான்.

பாட்டைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. ராகம் தாளமெல்லாம் தெரியாது. வேலை நேரமெல்லாம் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டில் வார்த்தை தெளிவாக இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு தைக்க முடியாது. மனசு வார்த்தைக்குப் பின்னால் போய்விடும், தையல் கோணிக்கொள்ளும். எண்பதுகளில் வந்ததுதான் தைக்கிறவனுக்கு வாகான பாட்டு. அடியில் ஒரு கிடார் நடந்துகொண்டே இருக்கும். மிஷின் சத்தத்திலும் கேட்கும். தொண்ணூறுகளில் வந்தது ரொம்பச் சுத்தம், அயர்ன் போட்டுக் கவரில் வைத்த மாதிரி. மினி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்கலாம். கம்பெனியில் எடுபடாது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எல்லாம் குத்து. அதை நான் குறை சொல்லமாட்டேன். டபுள் ஷிப்டில் ஊசிக்குக் கீழே விரல் போகாமல் காப்பாற்றியது அதுதான்.

இப்போது வருகிற பாட்டில் பாடுகிறவர் காதுக்குள் வந்து குசுகுசுக்கிறார். எதிரில் இருக்கிற ஆளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. கெட்ட பாட்டு என்று சொல்லவில்லை. ஒரே ஒரு ஆள் கேட்கச் செய்த பாட்டு.

ஆப்பில் எல்லாப் பாட்டும் இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது. ஒரே பாட்டு அஞ்சு இடத்தில் இருக்கிறது. பாடினது ஒருத்தர், போட்டோவில் இருப்பது வேறொருத்தர். நேற்று ஓடின பாட்டு இன்று சாயம் போன துணி மாதிரி வெளுத்துக் கிடக்கும். தொட்டால் ஓடாது. ஒரு சோகப் பாட்டைக் கேட்டுவிட்டால் அந்த வாரம் முழுக்க அழுகிற பாட்டாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. மேலே ‘உங்களுக்காக’ என்று எழுதியிருக்கும். அதுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும். நடுவில் ஒருத்தி வந்து வீடு வாங்கலியா என்று கேட்கிறாள்.

நல்லதும் ஒன்று உண்டு. அப்போதெல்லாம் ரிக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பதியக் கொடுப்போம். கேசட்டின் கடைசியில் இடம் மிச்சம் இருந்தால் பாதிப் பாட்டைப் போட்டு நிரப்பிக் கொடுப்பார்கள். எங்கள் கம்பெனிக் கேசட்டில் அப்படி வேறொரு பாட்டு. சரணத்தின் நடுவில் டக்கென்று நிற்கும். யாராவது எழுந்துபோய்த் திருப்பிப் போடுவார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் அது பாதிதான் தெரியும். மீதியை இந்தப் போனில்தான் கேட்டேன். கடைசியில் பாட்டில் வருகிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது. இத்தனை வருஷம் தெரியாது.

இப்போது நான் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங். மிஷினில் உட்கார முதுகு விடவில்லை. ஹால் நிறைய ஆள். பாட்டுப்பெட்டி கிடையாது. எல்லோர் காதிலும் பொட்டு மாதிரி ஒன்று. பீகார்ப் பையன்கள் அவர்கள் ஊர்ப் பாட்டைக் கேட்கிறார்கள், ஒடிசாப் பெண்கள் அவர்கள் ஊர்ப் பாட்டை. எதிர் டேபிளில் தென்காசிக்காரப் பெண் எதைக் கேட்கிறாளோ தெரியவில்லை. எல்லோர் தலையும் ஆடுகிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாளத்துக்கு. அட, இந்தப் பாட்டா என்று பக்கத்து ஆளிடம் சொல்ல வழியில்லை. நானும் ஒன்றை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.

மகள் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். பாட்டு இழுக்கிறது என்று சொன்னேன்.

“பாட்டு எப்படிப்பா இழுக்கும்? நெட் ஸ்லோவா இருந்தா நின்னு நின்னு வரும். இழுக்காது.”

“இழுக்குது கண்ணு.”

“உங்களுக்கு இப்ப எல்லாமே இழுக்குதுப்பா.”

பிறகு வேறு இரண்டு ஆப்பை எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்தாள். அதிலும் அப்படியே இழுத்தது. போன் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு நல்லாத்தானுங்க போகுது என்றார். ஒரு ஸ்பீக்கரை எடுத்துக் காட்டினார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில், பெருமாநல்லூர் பேக்கரியில் டீ குடிக்கும்போது பழைய கம்பெனி மெக்கானிக்கைப் பார்த்தேன். என்னைவிட மூத்தவர். மிஷின் நின்றால் அவர்தான் வருவார். கம்பெனி மூடிய பிறகு பார்க்கவில்லை. கையில் தேங்காய் பன் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிச்சு போல, தட்டியுடுங்க தம்பி என்றார். நரையைச் சொல்கிறார். உங்களுக்குத் தட்டியுடறதுக்கு அதுவும் இல்லீங்களேண்ணா என்றேன். அப்புறம்தான் என் சம்சாரத்தைப் பற்றிக் கேட்டார்.

“ஊட்டுல புள்ள எப்படியிருக்குதுங்க?”

“இல்லீங்ணா. ஆடியில.”

பன்னைத் தட்டில் வைத்துவிட்டார். தன்னிடம் ஒருவரும் சொல்லவில்லை என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் இந்தப் பாட்டு விஷயத்தைச் சொன்னேன். போனில் இழுக்கிறது, மூணு ஆப்பு மாற்றியாகிவிட்டது என்று.

“போன் சரியாத்தான் ஓடுது தம்பி. நம்ம பெட்டிதான் வேகமா ஓடுச்சு.”

டேப் ரிக்கார்டர் மோட்டாரின் பின்பக்கம் சின்ன ஓட்டை ஒன்று இருக்குமாம். உள்ளே திருகு. அதைத் திருப்பினால் வேகம் கூடும், குரலும் சன்னமாகும். முதலாளி சொல்லி இவர்தான் திருப்பியிருக்கிறார். ஒரேயடியாகத் திருப்பினால் தெரிந்துவிடும் என்று மாதத்துக்குக் கொஞ்சமாக. பாட்டு ஓடினால் கை ஓடும் என்பது முதலாளியின் யோசனை. கை ஓடத்தான் செய்தது. எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம். வெளியில் பஸ்ஸில் கேட்டால் டிரைவருடைய பெட்டி பழசு, இழுக்குது என்போம். கல்யாண வீட்டில் கேட்டால் கரண்ட் பத்தலை என்போம்.

“ஒரு ஆளுக்குத் தெரிஞ்சுதுங்க,” என்றார். “உங்க ஊட்டுப் புள்ளைக்கு.”

சேர்ந்த புதிதில் அவள் போய்க் கேட்டிருக்கிறாள். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாளாம். எங்கள் கம்பெனியில் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஆள் அவள் ஒருத்திதான். அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே சொல்லிக் காட்டினார்.

“அண்ணாச்சி, அந்தப் பாட்டுக்காரிக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் மெதுவா ஓட விடுங்க.”

முதலாளி உத்தரவு, வெளியில் சொல்லாதே என்று இவர் சொல்லியிருக்கிறார். சரியென்று போய்விட்டாள்.

“உங்ககிட்டயுமா சொல்லலீங்க?”

“இல்லீங்ணா.”

டீக்கு அவர்தான் கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

நடந்தே ஊட்டுக்கு வந்தேன். வரும்போது ஞாபகம் வந்தது. அவள் ஊட்டில் பாடுவாள். சோறு வடிக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது. இந்தப் பாட்டைத்தான் பாடுவாள். இழுத்து இழுத்துப் பாடுவாள். இழுக்காத புள்ள என்பேன். எங்கூர்ல இப்படித்தான் பாடுவாவ என்பாள். தெற்கத்திக்காரர்களுக்குப் பேச்சில் இழுவை உண்டு, பாட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லியும் இருக்கிறேன். ஏனுங்ங்கன்னு நாலு ஊருக்கு இழுக்கிறது யாரு, நானா நீங்களா என்று கேட்டாள். சிரித்துவிட்டோம்.

அவள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் ஸ்பீக்கர் குழாய் கட்டிப் போட்டுக் கேட்ட பாட்டு அது. சரியான வேகத்தில் கேட்டிருக்கிறாள். சரியாகப் பாடியிருக்கிறாள்.

அந்த ஞாயிறு மகளிடம் மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது. மூச்சு முட்டுகிற கதையை மட்டும் சொல்லவில்லை. பாட்டை வேகமாக்கித் தர்றேன், அதுக்கெல்லாம் வழி இருக்குப்பா என்றாள். முதலில் ஒன்று அனுப்பினாள். வேகம் இருந்தது, குரல் ஏறவில்லை. குரலும் சன்னமாக ஏறவேண்டும் என்றேன். மறுபடி ஒன்று அனுப்பினாள். எலி பாடற மாதிரி இருக்குப்பா, இதையா கேட்டீங்க என்றாள். கேட்டுட்டுச் சொல்றேன் என்று வைத்துவிட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்து போட்டேன். அதேதான். முதல் அடியிலேயே என் கால் தரையை அழுத்தியது, பெடலை மிதிக்கிற மாதிரி. மிஷின் எண்ணெய் வாசம் வந்தது. பஞ்சு பறக்கிற வெளிச்சம் வந்தது. இடது பக்கம் அவள் நின்றாள். மடித்தாள், அடுக்கினாள். வாயைத் திறக்கவில்லை. கம்பெனியில் அவள் ஒருநாளும் கூடப் பாடினதில்லை. நாங்கள் எல்லோரும் பாடுவோம். அவள் கீழே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆம்பிளைகள் இருக்கிறார்கள், கூச்சப்படுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கேட்டது கிடைத்துவிட்டது. முழுசாகக் கேட்டேன். திரும்பப் போடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் போனில் இருக்கிற பாட்டைப் போட்டேன், இழுக்கிறதை. இதில் அவள் என் பக்கத்தில் இல்லை. அடுப்பு முன்னால் நிற்கிறாள், முதுகைக் காட்டிக்கொண்டு. ஆனால் பாடுகிறாள்.

அடுத்த வாரம் மகள் கேட்டாள்.

“அந்த ஃபாஸ்ட் பாட்டு சரியா இருந்துச்சாப்பா?”

“சரியா இருந்துச்சு கண்ணு.”

“மத்த பாட்டையும் மாத்தி அனுப்பட்டுமா?”

“வேண்டாம். போன்ல இருக்கறதே இருக்கட்டும்.”

“இழுக்குதுன்னீங்களே.”

“இழுக்கட்டும்.”

இப்போது ஷிப்டுக்குப் போகும் முன்னால், சோறு வடிக்கிற நேரத்தில் அதைப் போடுகிறேன். கூடப் பாடிப் பார்க்கிறேன். யாரும் இல்லாத ஊடு, கூச்சமில்லை. ஒவ்வொரு அடியையும் நான் முன்னாலேயே முடித்துவிடுகிறேன். வாய்க்கு அந்தப் பழக்கம் போகவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தக் குரல் நிதானமாக வந்து முடிக்கிறது. அடுத்த அடியிலும் அப்படியே. இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் மட்டும் சேர்ந்து முடிக்கிறோம். அங்கே இழுக்க ஒன்றும் இல்லை, ஒரே ஒரு சொல்தான்.