தெற்குக் கோபுரம் ஏறிச் சம்பந்தம் பார்த்தது

மதுரைத் தெற்குக் கோபுரத்தில் ஏறுகிறவர்கள் மதுரையைப் பார்க்கத்தான் ஏறுகிறார்கள். நாங்கள் ஏறியது, திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கண்மாய்க்கரையைப் பார்க்க. யுத்தத்துக்கு மூன்று வருஷம் முந்தி, ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மூன்று பேர் புறப்பட்டோம். நான், என் மனைவி பேச்சியம்மாள், அவளுடைய அண்ணன் வெள்ளைச்சாமி.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சியம்மாள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மதுரைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியாத ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். அவள் பிறந்தது ஆனைமலை அடிவாரத்தில். வாழ்க்கைப்பட்டது எங்கள் ஊரில். இரண்டு ஊரிலும் கண்மாய்க்கரையில் ஏறி நின்றால் கோபுரம் தெரியும். நான் வாத்தியார் வேலை பார்க்கிறேன், பூமியின் வட்டம், தூரம் எல்லாம் படித்தவன் என்பதெல்லாம் அந்த வழக்கத்தின் முன்னால் செல்லுபடியாகவில்லை.

எங்கள் மகள் செல்லத்துக்கு ஓர் இடம் வந்தது. பையன் சுப்பையா, என்னைப் போல ஆரம்பப் பள்ளி வாத்தியார். திருமங்கலம் ரோட்டில், திருப்பரங்குன்றம் தாண்டி நான்கு மைலில் அவன் ஊர். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன் வந்த மூன்று இடங்களுக்கு வாயே திறக்காத பெண், அன்று சாயங்காலம் நான் தனியாக இருக்கும்போது வந்து, “இந்த எடத்தையே முடிச்சிருங்கப்பா” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. ஆனால் பேச்சியம்மாள் கேட்டது ஒரே கேள்வி. “கோபுரம் தெரியுமா?”

தெரியும் என்று மாப்பிள்ளை வீட்டார் அடித்துச் சொன்னார்கள். வெள்ளைச்சாமி நேரில் போய், அவர்கள் கண்மாய்க்கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து, தெரிகிறது என்றார். தங்கை நம்பவில்லை. “அண்ணே, நீ பாத்தது மில்லுப் புகைக்கூண்டு. அம்புட்டுத் தொலைவுல ஒனக்குக் கூண்டும் கோபுரமும் ஒண்ணுதான்.” அவளே போய்ப் பார்க்கலாம் என்றால், பரிசம் போடுவதற்கு முன் பெண்ணின் தாய் அந்த ஊருக்குள் காலடி வைக்கக் கூடாது. அதுவும் வழக்கம்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கோபுரத்தில் ஏறி அந்த ஊரைப் பார்த்துவிட்டால் போயிற்று. அங்கிருந்து ஊர் தெரிந்தால், ஊரிலிருந்து கோபுரம் தெரியத்தானே வேண்டும்? பேச்சியம்மாள் ஒத்துக்கொண்டாள். “தெரியலைன்னா அந்தப் பேச்சை விட்டுரணும். அப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது” என்றாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டியிருக்க வேண்டாம்.

சுப்பையாவுக்கும் எனக்கும் மூன்று தபால் கார்டு போனது, வந்தது. ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு அவன் தன் ஊர்க் கண்மாய்க்கரையில் ஈர வைக்கோலைப் போட்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புகை எழுப்ப வேண்டும். ஒரு புகை என்றால் யார் வீட்டுப் புகையோ என்று பேச்சியம்மாள் சொல்லிவிடுவாள். இரண்டு பேரும் கடிகாரத்தை ரயில்வே நேரத்துக்குத் திருத்திக்கொண்டோம். கோபுரம் ஏற அனுமதி கேட்டுக் கோயில் ஆபீசுக்கும் எழுதிப் பதில் வாங்கி வைத்திருந்தேன். ஏற நினைக்கிறவர்கள் இப்படி முன்கூட்டி எழுதிக்கொள்வது நல்லது.

காலை ஆறரை மணிக்கு பஸ். மதுரைக்கு ஆறு மைல், ஆளுக்கு இரண்டணா. வயலெல்லாம் அறுப்பு முடிந்து தாள் நின்றது. பனி இருந்ததால் டிரைவர் மெதுவாகவே ஓட்டினார். செல்லம் வாசலில் நின்று, பஸ் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காகப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏழேகாலுக்கு மதுரை. ஒரு காப்பி கிளப்பில் இட்லி தின்றோம். வெள்ளைச்சாமி ஆறு தின்றார். கோபுரம் ஏறப் பலம் வேண்டுமாம். ஜட்கா பிடித்தோம், தெற்குச் சித்திரை வீதிக்கு இரண்டணா. வண்டிக்காரர் நாங்கள் கோபுரம் ஏறப் போகிறோம் என்று கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

“ஏறுறது சுளுவு சாமி. எறங்குறதுதான். கீழ பாக்காம எறங்கணும்.”

“நீங்க ஏறியிருக்கீங்களா?” என்றேன்.

“நான் எதுக்கு ஏறுறேன்? எனக்குக் குருதை இருக்கு, ரோடு இருக்கு.”

எட்டரைக்குள் அம்மனையும் சுவாமியையும் கும்பிட்டுவிட்டு, ஆபீசில் கடிதத்தைக் காட்டினோம். லாந்தரோடு ஒரு காவல்காரரைக் கூட அனுப்பினார்கள். வயதானவர், சிரித்த முகம். கோபுரத்தின் உயரம் நூற்றறுபது அடி, ஒன்பது நிலை. வெளியிலிருந்து பார்த்தால் அத்தனையும் சுதை பொம்மைகள். உள்ளே போனால் வெறும் இருட்டும் செங்குத்தான படிகளும்தான். இதை ஏறாதவர்களுக்காகச் சொல்கிறேன். படிகளை எண்ண ஆரம்பித்து ஐம்பதோடு விட்டுவிட்டேன். வௌவால் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஒவ்வொரு நிலையிலும் வாசல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சமும் காற்றும் வரும். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

நான்காவது நிலையில் வெள்ளைச்சாமி உட்கார்ந்துவிட்டார். “வாத்தியாரே, நான் ஏற்கெனவே அந்தக் கண்மாய்க்கரையில நின்னு பாத்தவன். எனக்குச் சந்தேகம் கிடையாது. சந்தேகம் இருக்குறவுக ஏறுங்க” என்றார். ஆறு இட்லியும் அவரோடு அங்கேயே தங்கிவிட்டது.

எனக்கும் உட்கார ஆசைதான். பேச்சியம்மாளோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிணற்றுப் படியில் ஏறுகிறவள் போல நிதானமாக ஏறினாள். காவல்காரர் கூடச் சொன்னார்: “தாயி ஏறுற வேகத்துக்கு லாந்தரு பிந்திருது.”

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது உச்சி நிலைக்கு வந்தோம். வாசலுக்கு வெளியே, நாலு பக்கமும் சுற்றி, ஓர் ஆள் நிற்கிற அளவு விளிம்பு. பனி விலகிவிட்டது. கீழே வீதிகள், ஓட்டுக் கூரைகள், எறும்பாக மனிதர்கள். தென்மேற்கே பசுமலை, அதற்குப் பின்னால் திருப்பரங்குன்றத்துப் பாறை. வடகிழக்கே ஆனைமலை படுத்துக் கிடந்தது. மேற்கே எங்கள் நாகமலை நீளமாக ஓடியது. மதுரைக்கு அடிக்கடி வந்து போகிற நான், இது இவ்வளவு பெரிய சமவெளி என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஊர்களெல்லாம் அதில் எங்கே போய் ஒளிந்துகொண்டன என்று தெரியவில்லை.

பேச்சியம்மாள் தென்மேற்கைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் மேற்கைத்தான் முதலில் பார்த்தாள்.

“ஏங்க, நம்ம ஊரு எங்க?”

நான் தேடினேன். பனைமரக் கூட்டங்கள், தண்ணீர் மினுங்குகிற நாலைந்து கண்மாய்கள். எது எங்களுடையது?

“மலை தெரியுதுல்ல தாயி, அதுக்கு அடியில பாருங்க” என்றார் காவல்காரர்.

“மலைதான் தெரியுது” என்றாள் அவள். பிறகு வடகிழக்கே திரும்பி ஆனைமலையைப் பார்த்தாள். அங்கேயும் வெகு நேரம் தேடினாள்.

பத்து மணி ஆயிற்று. நான் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பரங்குன்றத்துப் பக்கம் கண்ணை இமைக்காமல் பார்த்தேன். புகை இருந்தது, ஒன்றல்ல, ஏழெட்டு. சூளைப் புகை, அடுப்புப் புகை, யாரோ குப்பை எரிக்கிற புகை. ஒருமுறை பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எழுந்ததும் காட்டுவதற்குக் கையை நீட்டிவிட்டேன். அவற்றில் ஒன்று நகர்ந்து போயிற்று. அது ரயில். பத்தே கால் ஆகியும் மலையின் தோளுக்கு அந்தப் பக்கமிருந்து எதுவும் வரவில்லை. மலை மறைக்கிறது. எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. செல்லம் வாசலில் நின்ற கோலம் கண்ணில் வந்தது.

கீழேயிருந்து வெள்ளைச்சாமியின் குரல் படி வழியே ஏறி வந்தது. “வாத்தியாரே! தெரியுதா?”

“தெரிஞ்சிருச்சு மச்சான்!” என்று கத்தினேன்.

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினாள். “எது?”

ஏதோ ஒரு புகையைக் காட்டினேன்.

“அது செங்கச் சூளை” என்றாள். கோபமில்லை. “ஊருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுற ஆளு பொய் சொல்லலாமா? தெரியலைன்னே சொல்லுங்க.”

அவள் விளிம்பிலிருந்து உள்ளே வந்து, வாசற்படியில் உட்கார்ந்தாள். “நம்ம ஊரும் தெரியல, எங்க ஆத்தா ஊரும் தெரியல. கல்யாணமாகி வந்த புதுசுல தெனமும் சாயங்காலம் கண்மாய்க்கரைக்கு வந்து இந்தக் கோபுரத்தத்தான் பாப்பேன். எங்க ஆத்தாளும் அந்தப் பக்கமிருந்து இதையேதான் பாக்கும்னு நெனச்சுக்குவேன். அதுல ஆத்தா மொகம் தெரிஞ்சுச்சா என்ன? நாலு மாசம் அழுதேன். ஒங்களுக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாதுதான். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அவள் காவல்காரரைப் பார்த்தாள். “ஐயா, திருமங்கலம் ரோட்டுல பஸ்ஸு போகுதா?”

“அரை மணிக்கு ஒண்ணு போகுது தாயி.”

“அந்தக் காலத்துல எங்களுக்கு பஸ்ஸு ஏது? கோபுரத்தப் பாத்து மனசத் தேத்திக்கிட்டோம். இப்பத்தான் ஓடுதே. செல்லத்தையே போயிப் பாத்துட்டு வந்துறலாமுல்ல.” எழுந்து சேலையைத் தட்டினாள். “கோபுரம் தெரியுமான்னு கேட்டேன், கேட்டேன், அந்தப் பையன் எப்படின்னு நான் கேக்கவே இல்ல. பொண்ணு பாக்க வந்தப்பக்கூட அடுப்படியில இருந்துட்டேன். வாங்க, இன்னைக்கே பாத்துருவோம்.”

நான்காவது நிலையில் வெள்ளைச்சாமி திடுக்கிட்டுப் போனார். “பரிசம் போடுறதுக்கு முந்தி நீ அந்த ஊருக்குள்ள எப்படிப் போவ?”

“கண்மாய்க்கரை ஊருக்கு வெளியதானண்ணே இருக்கு” என்றாள் தங்கை. வண்டிக்காரர் சொன்னபடி கீழே பார்க்காமல் இறங்கினேன். அவர் சொன்னது சரி, இறங்குவதுதான் கஷ்டம்.

பதினொன்றேகால் பஸ்ஸில் ஏறினோம். ஒன்பது மைல், மூன்றணா. திருப்பரங்குன்றத்தில் பாதி வண்டி காலியாயிற்று. மலையைச் சுற்றிக்கொண்டு ரோடு போகும்போது கோபுரம் பின்னால் எங்கேயோ மறைந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. எனக்கு உள்ளூரப் பயம்தான். இவள் ஒருவனைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால், பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது. கோபுரத்தையாவது எதிர்த்துப் பேசிப் பார்க்கலாம்.

பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப் பாதையில் ஒரு மைல் நடந்தோம். மணி பன்னிரண்டரை, வெயில் நன்றாக ஏறிவிட்டது. கண்மாய்க்கரை கண்ணில் பட்டதும் வெள்ளைச்சாமி, “அடே, புகை!” என்றார்.

இரண்டு புகை, பக்கத்துப் பக்கத்தில். அரை மணி நேரம் போட்டால் போதும் என்று கார்டில் எழுதியிருந்தேன். இரண்டரை மணி நேரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஈர வைக்கோல், புகை மேலே போகாமல் கரை மேலேயே புரண்டது. இரண்டு குவியலுக்கும் நடுவில் சுப்பையா, வேட்டியை மடித்துக் கட்டி, முகமெல்லாம் கரி, ஓலை முறத்தால் இந்தப் பக்கம் நாலு வீச்சு, அந்தப் பக்கம் நாலு வீச்சு வீசிக்கொண்டு நின்றான். கரைக்குக் கீழே ஒரு வண்டி வைக்கோல் இருந்த இடத்தில் மீதி ஒரு கட்டுதான் இருந்தது.

எங்களைக் கண்டதும் முறத்தைக் கீழே போட்டான். என்னைப் பார்த்து, “சார், பத்து மணிக்குச் சரியாப் பத்த வச்சேன். தெரியாமப் போயிருமோன்னு நிறுத்தல” என்றான். பிறகு பேச்சியம்மாளைப் பார்த்துக் கை கூப்பினான். “தெரிஞ்சுச்சா அத்தை?”

நான் வடகிழக்கே திரும்பிப் பார்த்தேன். மலையின் ஓரத்தில் மங்கலாக ஏதோ ஒன்று நின்றது. கோபுரமா, மில் கூண்டா, என்னால் சொல்ல முடியவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பேச்சியம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருமினான், கண்ணைத் துடைத்தான். துடைத்த கையில் இருந்த கரி கன்னத்தில் ஏறியது. அதுவரைக்கும் அவனை ‘அந்தப் பையன்’ என்றே சொல்லிவந்தவள், பையிலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினாள்.

“அது கெடக்கட்டும். தீய அணைங்க மாப்பிள்ளை, போதும். கண்ணு ரெண்டும் எப்படிச் செவந்து போச்சு, பாருங்க.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. அங்கிருந்து எங்கள் வீட்டு வாசலுக்குப் பதினாறு மைல். பஸ் மாறிப் போனால் மூன்று மணி ஆகிவிடும், அதுவரைக்கும் செல்லத்துக்குச் சொல்ல வழியில்லை. நான் செய்த பயணங்களிலேயே நீளமானது அந்தப் பதினாறு மைல்தான்.