பால்கனிக்கு முட்டுப் பிரித்தது

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் பிளான் போட்டுக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளியொன்றில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கையில் இருந்ததையெல்லாம் போட்டு லாட்ஜ் கட்டினார். பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு பால்கனி வேண்டும் என்றார். அந்தச் சரிவில் தூண் நிறுத்தும் தைரியம் எனக்கு இல்லை. ஆகவே கான்டிலீவர்.

பின்பக்கம் சுவருக்குள் இறுகி, முன்பக்கம் எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டி நிற்கும் தளம் அது. மாமனார் வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளையின் கம்பீரம். முனை கீழே அழுந்தும்போது இழுபடுவது மேல்புறம். அதனால் கம்பியை மேலே கட்டுவோம். அடியில் வெறும் கான்கிரீட்.

குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும் என்பதால் கூடுதலாகவே காத்திருந்து, ஈஸ்டர் கூட்டத்துக்கு முன்பாக, அடியில் தாங்கிய கம்புகளை எடுத்து முட்டுப் பிரிக்க நாள் குறித்தோம். நான் போய்ச் சேர்வதற்குள் மேஸ்திரி தொடங்கிவிட்டார். முனைக்கு முட்டுக்கொடுத்த யூகலிப்டஸ் கம்புகள் வழுக்கும் சரிவில் நின்றன. எனவே சௌகரியமாகச் சுவரோரத்துக் கம்புகளை உருவி, பலகையையும் கழற்றியிருந்தார். இப்போது தளம் சுவருக்கும் முனைக்கும் இடையே பாலமாகக் கிடந்தது. பாலத்துக்கு இழுபடுவது அடிப்புறம். அங்கேதான் கம்பியே இல்லை.

"நிறுத்துங்க. அந்தக் கோடியிலேருந்துதான் உருவணும்" என்றேன்.

"அங்க வழுக்குதுங்க சார். நீங்க வெள்ளனே வந்து ஒரு கம்பை உருவிக் காட்டியிருக்கலாம்ல" என்றார் மேஸ்திரி.

லாட்ஜ்காரர் முகம் வெளுத்தது. "உடைக்கணுமா சார்? ஈஸ்டருக்கு ரூம் எல்லாம் சொல்லிட்டாங்க."

கம்புகளைத் திரும்ப நிறுத்தச் சொல்லி, டார்ச்சோடு அடியில் ஊர்ந்து விரிசல் தேடினேன். பலகையின் தடம் தவிர ஒன்றுமில்லை. பிறகு மேஸ்திரி இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, முனையிலிருந்து ஒவ்வொன்றாக உருவினார். தளம் நின்றது.

"பிளான் போட்டவர்தான சார் மொதல்ல நிக்கணும்" என்றார் லாட்ஜ்காரர்.

போய் விளிம்பில் நின்றேன்.

"சார் நிக்கிறதெல்லாம் கணக்குல சேராதுங்க. காக்கா உக்காந்த மாதிரிதான்" என்றார் மேஸ்திரி.

லாட்ஜ்காரர் தன் மனைவியைப் பார்த்தார். நல்ல கனமான அம்மாள்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களுக்கு யாரு ஆக்கிப் போடுவா?"

"நான் ஆக்கிப் போட்டுத்தான நீ இப்படி இருக்க. வா, வெரசா."

அந்த அம்மாள் ஜெபித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"லேசா ஆடுதே சார்."

"அது என் முழங்காலுங்கம்மா."

லாட்ஜ்காரர் உள்ளே போய் நாற்காலிகளைத் தூக்கிவரத் தொடங்கினார்.