சில்லுத் தடத்தில் நடந்தேன்

உடுவிலில் இருந்து சுண்டிக்குளத்துக்குத் தனியாக மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். மருதங்கேணி தாண்டியதும் பற்றைச் செடிகளுக்கு அப்பால் பூநாரைகள் தெரிந்தன. படம் எடுக்கும் ஆசையில் வீதியை விட்டு மணலில் இறக்கினேன். கொஞ்சத் தூரத்தில் மோட்டார் சைக்கிளின் சில்லு புதைந்து நின்றுவிட்டது. குனிந்து பார்த்தபோது, பற்றைக்குள் ஒரு சிவப்புப் பலகை விழுந்து கிடந்தது. அதில் மண்டையோடும் ‘மிதிவெடி’ என்ற எழுத்தும் இருந்தன. போர்க் காலத்தில் வெடி புதைத்த இடம் போலும். காலை எடுக்காமல் நின்றேன்.

வீதியில் சைக்கிளில் வந்த ஊர்க்காரர் ஒருவர் என்னைக் கண்டுவிட்டுக் கத்தினார்.

“தங்கச்சி, அசையாதேங்கோ!”

“அண்ணை, இதுக்குள்ளை வெடி இருக்கோ?”

“தெரியாது. எனக்கும் பயமாக் கிடக்கு. மோட்டார் சைக்கிளை விட்டிட்டு, வந்த சில்லுத் தடத்திலை மட்டும் காலை வைச்சு வாங்கோ.”

ஓர் அடி வைத்தேன். அடுத்த காலைத் தூக்க முடியவில்லை.

“உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ?” என்று அவர் கேட்டார்.

“ஓம், ரெண்டு.”

“அவையின்ரை பேரைச் சொல்லிக்கொண்டு வாங்கோ.”

ஒவ்வோர் அடிக்கும் ஒரு பேராகச் சொல்லிச் சொல்லி வீதிக்கு வந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் கண்ணிவெடி அகற்றுபவர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துத் தந்தார்கள். தடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வெடி இருந்ததாம்.

இப்போதும் தனியாகத்தான் மோட்டார் சைக்கிள் ஓடுகிறேன். வீதியை விட்டு இறங்குமுன் அந்தந்த ஊர் ஆள் ஒருவரிடம் கேட்கிறேன். கேட்க ஆளில்லாத இடத்தில் இறங்குவதே இல்லை.