பதில் சொல்ல முடியாத பத்து நிமிடம்

எங்கள் போதை மீட்பு மையத்து நர்ஸக்காவுக்கு வாய் ஓயாது. பக்கத்தில் பதிவேடு எழுதும் எனக்குச் சில நாள் காதே வலிக்கும். ஆனால் மையம் ஓடுவது அந்த வாயால்தான் என்று பெரிய டாக்டரே ஒப்புக்கொள்வார், வேண்டாவெறுப்பாக.

விஷயம் இதுதான். ஹெராயினை விட வந்தவர்கள் தினமும் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். பத்து நிமிடம் பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. யாரும் துப்பிவிடாமல் எதிரே உட்கார்ந்து பார்ப்பது அக்காவின் வேலை. மற்ற நர்ஸுகளிடம் பாதிப் பேர் இரண்டாம் மாதமே கம்பி நீட்டிவிடுவார்கள். அக்காவின் ஆட்கள் மட்டும் தவறாமல் வருவார்கள். வாயைத் திறக்க முடியாத நேரம் பார்த்து, அவரவர் தொழிலைப் பற்றி அபத்தமாக எதையாவது சொல்லிவைப்பாள்.

"பாத்ரூமுக்கு டைல்ஸ் போடறதெல்லாம் ஒரு வேலையா? ஒரே மட்டமா ஒட்டிட்டுப் போனா ஆச்சு" என்பாள் டைல்ஸ் மேஸ்திரியிடம். அவர் கண்ணை உருட்டுவார், தண்ணீர் வடிய வேண்டிய சரிவைக் கையால் காட்டுவார். கரைந்து முடியும்போது அக்கா அடுத்த ஆளிடம் போயிருப்பாள். "நாளைக்கு வந்து சொல்லுங்க மேஸ்திரி." மறுநாள் முதல் ஆளாக நிற்பார்.

அப்படிப்பட்டவர் இரண்டு நாளாக வரவில்லை. மூன்றாம் நாளும் தவறினால் பழைய சரக்கைத் தேடிப் போய்விடுவார். உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போன நிலையில் பழைய அளவை எடுத்தால் உயிர் தங்காது. அக்கா ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"கட்டட முதலாளி என்னை உங்க மாத்திரை வரிசையில பாத்துட்டாருக்கா. வேலைய விட்டு அனுப்பிட்டாரு."

அக்கா வழக்கம்போல் டைல்ஸை வைத்துச் சீண்டிப் பார்த்தாள்.

"விடுங்கக்கா. நான் இப்ப மேஸ்திரியே இல்ல."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "ஒரு உண்மையச் சொல்லவா? போன மாசம் எங்க பாத்ரூமுக்கு நானே ஒட்டினேன். நான் சொன்ன மாதிரியேதான். தண்ணியெல்லாம் ஹாலுக்கு வருது. மாமியார் என்கூடப் பேசறதில்ல" என்றாள்.

மேஸ்திரி கேட்டார்: "எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு?"

"அது தெரிஞ்சா உங்கள ஏன் கூப்பிடறேன்?"

அன்று கதவைச் சாத்தக் கால் மணி இருக்கும்போது மேஸ்திரி வந்தார். மூன்று நாள் தாடி, உடம்பெல்லாம் நடுக்கம், கையில் சரிவு பார்க்கும் ரசமட்டம். டாக்டர் சோதித்துவிட்டு மாத்திரை தரச் சொன்னார். அக்கா எதிரே உட்கார்ந்து பேச வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. பத்து நிமிடமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். எனக்கும் பதிவேட்டில் ஒரு வரி ஓடவில்லை.

மாத்திரை கரைந்ததும் மேஸ்திரி சொன்னார்: "நாளைக்கு ஏதாவது பேசிடுங்கக்கா. நீங்க இப்படி வாய மூடிட்டு உட்கார்ந்தா, நான் பிழைக்க மாட்டேனோன்னு பயமா இருக்கு."