சேரும்போது விரல்கள் பத்து

தண்டலம் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தி அலுத்துப்போய், இன்று ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனேன். தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை. சம்பளம் இரண்டு மடங்கு.

உடனே எடுத்துக்கொண்டார்கள்.

மெடிக்கல் ஃபாரத்துடன் வந்த கிளார்க், "ரெண்டு கையையும் நீட்டுப்பா" என்றார்.

ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். 'பத்து' என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

"எதுக்கு சார்?"

"வர்றப்போ எத்தினி இருந்துச்சுன்னு நாளைக்குத் தகராறு வரக் கூடாதுல்ல?"

என் முகத்தைப் பார்த்து ஆறுதலும் சொன்னார். "அனுபவம் உள்ளவங்க எட்டு, ஒம்போதோடதான் வருவாங்க. நீ ஃபிரெஷரு."

சேருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் வாத்தியார் என்றாலும், இந்தப் பதிவை நான் இரண்டு விரலால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். மீதி எட்டும் எனக்குத் தேவையா என்று நண்பர்கள் சொல்லவும்.