கோணல் பல் தெரிந்த படம்

மாத்தளை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவரை எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், வெள்ளைத் தொப்பி, படம் கழுவும் மருந்துக் கறை படிந்த விரல்கள். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விடுமுன், எதிரில் இருக்கும் குழந்தையிடம் "போயிட்டு வாறேன்" என்று தூரப் பயணம் போகிறவரைப் போல விடைபெறுவார்.

இந்தியாவில் இருந்த என் மாமியார் பேத்தியைப் பார்த்ததே இல்லை. அவருக்கு அனுப்பப் படம் எடுக்க நாலு வயது மகளைக் கூட்டிப்போனேன். அவளுடைய முன் பால்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணலாக இருக்கும். நாத்தனார் கேலி செய்ததிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள்.

"பல்லு தெரியாம எடுங்க நானா" என்றேன்.

"சரி தங்கச்சி" என்றவர் மகளிடம் விடைபெற்றுத் துணிக்குள் போனார். வெளியே வந்ததும், "நான் இல்லாத நேரம் சுகமா இருந்தீங்களா மகள்?" என்று கவலையோடு கேட்டார். அவள் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துவிட்டாள். அதே நேரம் அவர் கை படம் பிடிக்கும் ரப்பர் உருண்டையை அமுக்கியது.

பிறகு வாய் மூடிய படமும் எடுத்தார். மாமியாருக்கு அதைத்தான் அனுப்பினேன்.

சில வாரம் கழித்து மகளோடு அந்தப் பக்கம் போனால், சிரித்த படம் கடைவாசல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

"சொந்தக்காரங்க பாப்பாங்க, கழட்டிருங்க நானா."

"சரி தங்கச்சி. ஆனா பயந்துகிட்டு வாற புள்ளைங்க அதப் பாத்துட்டுச் சிரிச்சுகிட்டே உள்ள வருதுங்க."

அதற்குள் மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்ற சிறுமியிடம் "இது நான்தான்" என்று வாயைப் பொத்தாமல் சிரித்தாள். படம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அன்று அவர் வேண்டுமென்றேதான் அமுக்கினாரா? தெரியவில்லை. கேட்டிருந்தாலும் "சரி தங்கச்சி" என்றுதான் சொல்லியிருப்பார்.