மூன்று மஞ்சள் கவுன்களின் முதலாளி

குளியலறையிலிருந்து மூன்று பெண் குரல்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஓடு பதித்த சுவரில் பட்டால் எந்தக் குரலும் இரண்டு மடங்காகும். அதனால் எங்கள் நெவார்க்கில் பாட்டுக்காரப் பெண்களெல்லாம் குளியலறையில்தான் பாடிப் பழகுகிறார்கள். முன்னறையில் ஆல்டன் பிக்கெட் கண்ணை மூடிக்கொண்டு கை தட்டுகிறார். தப்பாக.

எங்கள் சபையில் நடக்கப் பழகாத குழந்தைகூட, நாலு எண்ணும் தாளத்தில் இரண்டிலும் நான்கிலும்தான் தட்டும். பிக்கெட் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவார். ஒருமுறை அவரால் பாடகர் குழுவே தடுமாறியது. போதகர் நிறுத்தி, "பிரதர் பிக்கெட், நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்க, போதும்" என்றார். அன்றோடு சபையை விட்டவர், இசை உலகத்துக்கு வந்து சேர்ந்தார்.

அதற்கு முன் சவப்பெட்டிக் கடையில் விற்பனையாளர். ஆளைப் பார்த்ததும் உச்சி முதல் உள்ளங்கால் வரை கண்ணால் அளக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பெட்டலெட்ஸ் என்ற இந்தப் பாட்டுக் குழுவை அவர் தொடங்கிய விதமும் அதுதான். முதலில் மூன்று மஞ்சள் சாட்டின் கவுன்கள் தைக்கக் கொடுத்தார். பிறகு அவற்றுக்குள் நுழையும் பெண்களைத் தேடினார். அவர்கள் பெயர் அவருக்குத் தெரியாது. "இடது கண்ணு", "நடு கண்ணு", "வலது கண்ணு", அவ்வளவுதான். கவுன் விளிம்பைத் தைக்க அங்கே போய்வரும் என்னை "ஊசி" என்கிறார்.

போன வியாழக்கிழமை வெர்டெல் வந்தாள். பதினேழு வயது. வெள்ளைக் கையுறை, புதிதாகச் சுருட்டிய தலைமுடி. ஊரெல்லாம் வானொலியில் உருகிக் கேட்கிறதே பெட்டலெட்ஸ் பாட்டு, அந்த நடுக்குரல் இவளுடையது. பாட்டு பிடித்துக்கொண்ட வாரம், பாவம், பொன்னுக்கு வீங்கி வந்து படுத்துவிட்டாள்.

"கன்னம் வத்திடுச்சு மிஸ்டர் பிக்கெட். டாக்டர் பாடலாம்னுட்டார்."

"சந்தோஷம் கண்ணு. ஆனா கவுனுக்குள்ள வேற ஆள் வந்தாச்சே."

"அந்தப் பாட்டைப் பாடினது நான்!"

"பாடினது நீ. பேரு யாரோடது? பெட்டலெட்ஸ்னு பதிவு பண்ணினது யாரு?" தன் மார்பில் விரலால் தட்டிக் காட்டினார். அதுவாவது தாளத்தோடு விழுந்ததா என்றால், இல்லை.

அந்த நேரம் பார்த்து, குளியலறையில், வெர்டெலின் இடத்துக்கு வந்த ஜோரீனின் குரல் உச்சியில் உடைந்தது. பிக்கெட்டுக்கே அது கேட்டுவிட்டது. உடனே அவர் முகத்தில் ஒரு கருணை படர்ந்தது. சவப்பெட்டி விற்ற காலத்தில் விதவைகளுக்குக் காட்டிய அதே கருணை.

"சரி, உனக்காகச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை மத்தியானக் காட்சிக்கு வா. திரைக்குப் பின்னால நின்னு நீ பாடு. அவ முன்னால வாயசைக்கட்டும். உனக்கு ஒரு நாற்காலிகூடப் போடச் சொல்றேன்."

"எங்க சபையே வருது மிஸ்டர் பிக்கெட். முன்வரிசையில எங்கம்மா உக்காந்திருப்பா. மேடையில என்னைத் தேடுவாளே!"

"குரலைக் கேட்டா பெத்தவளுக்குத் தெரியாதா?"

என் கையில் ஊசி இருந்தது. அவர் கழுத்தும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கர்த்தர் என்னைத் தடுத்தார்.

வெர்டெல் அழவில்லை. "நான் ஒளிஞ்சு நின்னு பாடமாட்டேன்" என்றாள். நேராகக் குளியலறை வாசலுக்குப் போனாள். உள்ளே பாட்டு நின்றது. "ஜோரீன், மேல போறதுக்கு முன்னாடி, அந்த வரி தொடங்கும்போதே மூச்சை இழுத்துக்க. நடுவுல இழுத்தா உடைஞ்சிடும்" என்றாள்.

"பாத்தியா! இதை நீ வந்த உடனேயே சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார் பிக்கெட், உண்மையான மகிழ்ச்சியோடு.

அவள் வெளியே நடந்தாள். கதவு திறந்தே கிடந்தது. படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிக்கெட் எழுந்து அலமாரியிலிருந்து வெர்டெல் பாடிய இசைத்தட்டை எடுத்தார். "நடு கண்ணு, வந்து கேளு. அவ எங்கே மூச்சு இழுக்குறான்னு நல்லாக் கவனி!" விரல் ரேகை படாமல், விளிம்பை மட்டும் பிடித்து, பிறந்த குழந்தையைப் போல இரண்டு கைகளிலும் அதை ஏந்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் குதிகாலால் கதவை உதைத்துச் சாத்தினார்.